மத்ரித் வரும் தம்பிக்கு: டகரத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து மத்ரிதுக்கு வேலை மாறி வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன். செயலி வைத்து ஸ்பானிஷ் படிக்கிறேன். உச்சரிப்பு ஸ்பெயின் மாதிரி பழகுவதா, லத்தீன் அமெரிக்கா மாதிரியா? வாடகை எவ்வளவு? குளிருக்கு என்ன வாங்கி வரணும்? அரிசி, பருப்பு கிடைக்குமா?"

அரிசி பருப்பெல்லாம் லவப்பியேஸ் பக்கம் வங்காளதேசத்துக்காரர் கடைகளில் கிடைக்கும். கோட்டு இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாடகையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வயிற்றெரிச்சல்தான் மிச்சம். உச்சரிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் நான் வந்த புதிதில் இதைச் சொல்லித்தர ஒரு ஆள் இல்லை.

ஆங்கிலம் நன்றாக வரும் என்கிறீர்களே, முதல் தொல்லையே அதுதான். 'டி' என்ற எழுத்தைக் கண்டதும் நமக்கு வாயில் ட வந்துவிடும். ஸ்பானிஷில் ட கிடையாது. தக்காளிக்கு 'தொமாத்தே', டொமேட்டோ பாணியில் 'டொமாட்டே' அல்ல. 'எங்கே' என்று கேட்க 'தோந்தே'. நாக்கு நுனி பல்லைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப் பெயரே மாட்ரிட் இல்லை, மத்ரித். கடைசித் 'த்'தையும் உள்ளூர்க்காரர்கள் பாதி நேரம் விழுங்கிவிடுவார்கள்.

என் அலுவலகத்துக்கு வரும் இங்கிலாந்துக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்தால் நாம் எவ்வளவோ மேல். அவர்களுக்கு ப, த, க எல்லாம் மூச்சுக்காற்றோடுதான் வெளியே வரும். ஒரு மெல்லிய காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்து 'பாக்கோ' என்று சொல்லச் சொல்லுங்கள், காகிதம் ஆடும். நீங்கள் 'பாக்கு' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அசையாது. ஸ்பானிஷுக்கு அந்த அசையாத ப தான் வேண்டும். உயிரெழுத்தும் அப்படியே. அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே ஐந்து, எங்கே வந்தாலும் முழுசாக, சுத்தமாக. 'நோ' என்பதை 'நோவ்' என்று இழுப்பதும், 'காஸா'வின் கடைசி 'ஆ'வை மென்று விழுங்குவதும் ஆங்கிலப் பழக்கம். சொல்லுக்கு நடுவில் வரும் 'பி'யும் (B) 'வி'யும் (V) ஒரே ஒலி, 'கோபம்' என்ற சொல்லில் வரும் ப, அதைவிடக் கொஞ்சம் தளர்வாக. நடுவில் வரும் 'டி' (D), நாம் 'அது' என்னும்போது வருகிற த. இதையெல்லாம் நாம் காசு கட்டிப் படிக்க வேண்டியதே இல்லை. ஆகவே ஆங்கில எழுத்தில் குறிப்பு எடுக்காதீர்கள், தமிழில் எழுதி வையுங்கள்.

நமக்கென்று ஒரு தனிக் கோளாறும் உண்டு. மெய்யில் முடியும் சொல்லுக்கெல்லாம் ஒரு 'உ' ஒட்டிவிடுவோம்: பஸ்ஸு, மத்ரித்து. அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.

அடுத்து ர. ஒற்றை எழுத்து என்றால் நம்ம ர. இரட்டித்தாலோ, சொல்லின் முதலில் வந்தாலோ, நாக்கு துடிக்கிற ற. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். நான் நாகர்கோவில்காரன். எங்கள் ஆச்சி அரம் வேறு, அறம் வேறு என்று நாக்கிலேயே காட்டுவாள். கான்வென்ட் போய் நாங்கள்தான் அதைத் தொலைத்தோம்.

எனக்கு அதை மீட்டுத் தந்தது இங்கே ஒரு உணவகத்துச் சமையலறை. வந்த புதிதில் அங்கே பாத்திரம் கழுவினேன். கூட வேலை பார்த்த ஈக்வடார் அக்கா, கித்தோ பக்கத்து மலை ஊர்க்காரர், பூண்டைத் தூக்கிக் காட்டி 'ஆஹோ', கரண்டியைக் காட்டி 'குச்சாரா' என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். ற மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். அவர்கள் மலைநாட்டில் அது கிட்டத்தட்ட 'ஷ'வோடு உரசி வரும், மத்ரித்காரர்கள் கேலி செய்வார்கள். "அதை என்னிடம் படிக்காதே" என்று காய்கறி இறக்க வரும் தொலேதோ பெரியவரிடம் அனுப்பினார். அவர் ஒவ்வொரு பெட்டியை இறக்கும்போதும் 'ஃபெறோகாறீல்' என்று சொல்ல வைப்பார். ரயில்பாதை என்று அர்த்தம். நாக்கு துடிக்காவிட்டால் பெட்டியைத் தரமாட்டார், உள்ளேயிருந்து தலைமைச் சமையல்காரர் கத்திக்கொண்டிருப்பார்.

அழுத்தத்தை யாரும் சொல்லித்தருவதில்லை, நம் ஆட்கள் மாட்டிக்கொள்வதே அங்கேதான். உயிரிலோ ன், ஸ் இரண்டிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை. மற்றபடி கடைசி அசை. விலக்கு என்றால் மேலே கோடு போட்டிருப்பார்கள். 'பாகோ' என்று முதலில் அழுத்தினால் 'நான் கட்டுகிறேன்'. 'பகோ' என்று கடைசியில் அழுத்தினால் 'அவன் கட்டினான்'. என்னோடு தங்கியிருந்த பஞ்சாபிப் பையன் என்னைக் காட்டி, அவர் வாடகை கட்டிவிட்டார் என்று சொல்ல நினைத்து, தட்டையாக 'பாகோ' என்றான். வீட்டுக்கார அம்மா அவனிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா வாங்கிய முன்பணத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

உங்கள் பெயருக்கும் தயாராகிக்கொள்ளுங்கள். 'ஜே' எழுத்து இங்கே தொண்டையிலிருந்து வரும் ஹ. ஜெகன் ஹேகன் ஆவார், விஜய் பிஹாய் ஆவார். 'ழ'வுக்காக நாம் போடும் எழுத்துகளை வைத்து எழிலை எத்தில் என்பார்கள். மருத்துவமனையில் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், குடும்பப் பெயர் என்று நினைத்து. காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள்.

ஸ்பெயினா, லத்தீன் அமெரிக்காவா என்றால், இரண்டும் சரி. மத்ரிதில் 'கிராத்தியாஸ்', கொலம்பியாவில் 'கிராஸியாஸ்'. அந்தலூசியாவின் பல ஊர்களிலும் கனாரித் தீவுகளிலும்கூட 'ஸ' தான். 'ஸ' வராமல் 'த' என்று பேசிய ஒரு ராஜாவைப் பார்த்து ஊரே அப்படிப் பேசியது என்று யாராவது கதை விடுவார்கள், நம்பாதீர்கள். ராஜாவைப் பார்த்துப் பேசியிருந்தால் 'ஸ' என்ற ஒலியே மத்ரிதில் இருந்திருக்காது.

இங்கே கணினி வேலைக்கு வந்த நம்மவர்களில் சிலர் வருஷக்கணக்காக ஆங்கிலத்திலேயே ஓட்டுகிறார்கள். வங்கிக்கும் டாக்டரிடமும் ஆறாம் வகுப்புப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறார்கள். அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையைப் பையன் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அவர்கள் மேல் இரக்கம் கிடையாது. குடியுரிமை வேண்டுமானால் இந்தியர்களுக்குப் பத்து வருஷம். 2015-க்குப் பிறகு தெலே ஆ-2 என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வும் உண்டு, அதில் வாயைத் திறந்து பேசும் பகுதி இருக்கிறது. அங்கே பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது.

எஸ்குவெலா ஒஃபித்தியால் தே இதியோமாஸ் என்று அரசு மொழிப்பள்ளிகள் இருக்கின்றன, கட்டணம் குறைவு. சேர்க்கைக்குக் குறிப்பிட்ட நாட்கள்தான், இடம் சீக்கிரம் நிரம்பும், வந்தவுடன் விசாரியுங்கள். ஆங்கிலத்தில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் தனியார் வகுப்புக்கு மட்டும் காசு கட்டாதீர்கள், மறுபடியும் அந்த ட தான் கிடைக்கும்.