மைதானத்தில் வரும் எட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஏன் வருவதில்லை?

பாலக்கோட்டிலிருந்து ஓர் அங்கன்வாடிப் பணியாளர் கேட்கிறார்: "வயது 41. பள்ளி மைதானத்தில் ஸ்கூட்டியில் எட்டு நன்றாகப் போடுகிறேன். தர்மபுரி ஆர்.டி.ஓ. ஆபீஸில் இரண்டு முறையும் காலை ஊன்றிவிட்டேன். டிரைவிங் ஸ்கூலில் சொன்ன குறிப்புகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போகட்டுமா?"

வேண்டாம். அந்தக் குறிப்புகள்தான் உங்கள் காலை இறக்குகின்றன என்று நினைக்கிறேன்.

களி கிண்டும்போது துடுப்பை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று கேட்டால் சொல்ல வராது, கைக்குத் தெரியும். இப்படிச் சொல்லாமலே உடம்பில் படிவது ஒரு கற்றல். விதியை நினைத்து நினைத்துச் செய்வது இன்னொன்று. மூளையில் இரண்டுக்கும் வழி வேறு. 1953-ல் வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசனுக்கு அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் நிற்காது. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை!

1992-ல் ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளப் பழக்கினார். ஒரு குழுவுக்கு விதிகளை விரிவாகக் கொடுத்தார். இன்னொரு குழு விதியே இல்லாமல், மனசு தானாக விதியைத் தேடாதிருக்க வாயால் எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டே பழகியது. இரண்டாம் குழு மெதுவாகத்தான் கற்றது. ஆனால் பணத்தையும் மதிப்பிடும் நிபுணரையும் காட்டி நெருக்கியபோது விதி கற்றவர்கள் தேங்கிவிட, இவர்கள் மேலும் முன்னேறினார்கள். பயம் வந்தால் மனசு விதியைத் தேடி ஓடும். தானாக நடந்துகொண்டிருந்த கையைப் பிடித்து நிறுத்திவிடும். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது.

இப்படிப் பழகுங்கள். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் முதலில் பெரிய எட்டாகப் போடுங்கள், கால் ஊன்றத் தேவையே வராத அளவுக்கு. அது அலுத்துப்போகும் வரை ஓட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குங்கள். தப்பு குறைந்தால் மனசு காரணம் தேடாது. கண் முன்சக்கரத்தில் வேண்டாம். வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். கையைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு போதும்: ஆக்ஸிலரேட்டரை முழுக்க விடாமல், இடது பிரேக்கை லேசாகப் பிடித்திருங்கள். வளைவில் வலது பிரேக்கைத் தொட்டால் வண்டி சாயும்.

பிறகு தெரிந்தவர்கள் நாலு பேரைச் சுற்றி நிற்க வைத்து ஓட்டுங்கள். ஒருவர் கையில் நோட்டோடு குறித்துக்கொண்டே இருக்கட்டும்.

சாலை விதி, கை சிக்னல் எல்லாம் வேறு. அவற்றை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்குப் படித்தே ஆக வேண்டும். டெஸ்ட் அன்று காலையில் மட்டும் யாரிடமும் எட்டுக்குப் புதுக் குறிப்பு கேட்காதீர்கள்.