டிரெய்லரில் குளிர்காலம்: மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

டிரெய்லர் வீட்டில் குளிர்காலத்தைக் கழிப்பது பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவிதான் முதலில் படித்துவிட்டு எனக்கு அனுப்பினாள். அவள் ஒப்பந்த நர்ஸ். டென்வருக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் 13 வார வேலை. டிசம்பர் தொடக்கத்தில் சேர வேண்டும். குறுகிய காலத்துக்கு அப்பார்ட்மென்ட் தேடி, வாடகையைக் கேட்டு மலைத்துப்போய், 28 அடி நீளமுள்ள ஒரு பழைய டிரெய்லரை வாங்கிவிட்டோம். நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். ஆகவே பகல் முழுவதும் உள்ளே ஆள் இருக்கும்.

டிரெய்லர் போன்ற வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஆர்.வி. பார்க் ஒன்றில் இருக்கப்போகிறோம். அங்கே இடத்துக்கு மாத வாடகை தனி. மின்சாரத்துக்கு மீட்டர்படி யூனிட்டுக்கு 14 சென்ட். இணைப்பு 30 ஆம்பியர். சூடாக்க எரிக்கும் புரொப்பேன் வாயு பக்கத்துக் கடையில் கேலன் 3.60 டாலர். வண்டியில் 30 பவுண்டு சிலிண்டர் இரண்டு இருக்கின்றன.

குளிர்காலத்தில் மின்சாரத்துக்கும் புரொப்பேனுக்கும் மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால், ஒருவர் 150 டாலர் என்கிறார், இன்னொருவர் 600 என்கிறார். யாரை நம்பி ஒதுக்குவது? இரண்டு மின்சார ஹீட்டர்களை வாங்கிப் போட்டுவிட்டு புரொப்பேனைத் தொடாமலே இருந்துவிடலாமா? பக்கத்து ஆட்கள் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எஸ்., கொலராடோ

அன்புள்ள தம்பி,

150 சொன்னவரும் 600 சொன்னவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மிதமான குளிருள்ள ஊரில் நன்றாக மூடிய சின்ன வண்டியில் இருந்திருப்பார்; மற்றவர் காற்று புகும் பெரிய வண்டியில் கடும் குளிரில் இருந்திருப்பார். இரண்டுமே அவரவர் வண்டியின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது உங்கள் வண்டியின் கணக்கு. அதை ஒரே வாரத்தில் எடுத்துவிடலாம்.

‘டிகிரி நாள்’ என்று ஓர் அளவு இருக்கிறது. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து அன்றைய சராசரி வெப்பநிலையைக் கழித்தால் வருவது. சராசரி 31 என்றால் அன்று 34 டிகிரி நாள். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை இதை ஊர்வாரியாகத் தினமும் வெளியிடுகிறது. போய்ச் சேர்ந்த முதல் வாரம் மின்சார ஹீட்டரைத் தொடாமல், புரொப்பேனை எரித்து வண்டிக்குள் வெப்பக் காற்றை ஊதும் ஃபர்னஸை மட்டும் ஓட்டுங்கள். வாரத் தொடக்கத்திலும் முடிவிலும், இடையில் மாற்றும்போதும், சிலிண்டரைக் குளியலறைத் தராசில் வைத்து எடை பாருங்கள். குறைந்த பவுண்டுகளை 4.2-ஆல் வகுத்தால் எத்தனை கேலன் எரிந்தது என்று தெரியும். அந்த வாரத்தின் மொத்த டிகிரி நாளைக் கேலனால் வகுத்துவிடுங்கள். காருக்கு மைலேஜ் பார்ப்பது போலத்தான்.

ஓர் உதாரணம். ஏழு நாளில் 240 டிகிரி நாள். 20 கேலன் எரிந்தது என்று வையுங்கள். கேலனுக்கு 12 டிகிரி நாள். டென்வரில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 டிகிரி நாள் வரும். அதை 12-ஆல் வகுத்தால் 250 கேலன். உங்கள் விலைக்கு 900 டாலர். அந்த நீள வண்டிக்கு இது நடக்கக்கூடிய எண்தான். ஆனால் உங்களுடையது 9 ஆகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம். அளந்து பார்த்தபின் அந்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

இனி மின்சாரமா, புரொப்பேனா என்ற கேள்வி. ஒரு கேலன் புரொப்பேனில் சுமார் 91,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. ஃபர்னஸ் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புகைப்போக்கி வழியே வெளியே தள்ளிவிடும். உள்ளே வந்து சேர்வது ஏறத்தாழ 21 யூனிட் மின்சாரம் தரும் வெப்பம். ஆகவே யூனிட் விலையை 21-ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 14 சென்ட் என்றால் 2.94 டாலர். புரொப்பேன் அதைவிட மலிவாகக் கிடைத்தால் புரொப்பேன் லாபம். விலை அதிகம் என்றால் மின்சாரம் லாபம். உங்களுக்கு 3.60 என்பதால் மின்சாரம் கொஞ்சம் முந்துகிறது. பக்கத்து ஆட்கள் சொல்வது இந்த அளவுக்குச் சரி.

ஆனால் எவ்வளவு முந்துகிறது? 1,500 வாட் ஹீட்டர் ஒன்று நாள் முழுவதும் ஓடினால் 36 யூனிட், 5.04 டாலர். அதே வெப்பத்தை ஃபர்னஸில் எடுக்க 1.7 கேலன், 6.20 டாலர் அளவில். நாளுக்கு ஒரு டாலரும் சில்லறையும் மிச்சம். மாதத்துக்கு 35 டாலர். இந்த 35 டாலருக்காகத்தான் பலர் ஃபர்னஸை அணைத்துவிட்டு, நள்ளிரவில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, தரைப்பலகை ஊறிப்போய் நிற்கிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்கென்று கட்டிய பல டிரெய்லர்களில் ஃபர்னஸின் வெப்பக் காற்று உங்களுக்கு மட்டும் வருவதில்லை. ஒரு கிளை தரைக்கு அடியில் போய்த் தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் உறையாமல் காக்கிறது. மேசைக்கு அருகில் வைத்த ஹீட்டர் உங்களைச் சூடாக்கும், அறையின் வெப்பத்தைப் பார்த்து ஃபர்னஸை இயக்கும் தெர்மோஸ்டாட்டையும் ஏமாற்றும். ஃபர்னஸ் ஓடாது. கீழே தொட்டி உறைந்துகொண்டிருக்கும். நீங்கள் வாங்கிய வண்டியில் அடிப்பகுதிக்கு அந்தக் கிளை உண்டா என்று முதலில் குனிந்து பாருங்கள்.

இரண்டு ஹீட்டர் யோசனை வேறு ஒரு காரணத்தாலும் ஆகாது. 30 ஆம்பியர் இணைப்பில் தொடர்ந்து இழுக்கத் தகுந்தது 24 ஆம்பியர்தான். ஒரு ஹீட்டருக்கு 12.5, இரண்டுக்கு 25. அதற்குமேல் பாட்டரி சார்ஜர், வெந்நீர், மைக்ரோவேவ். பிரேக்கர் விழுந்தால் நல்லது. விழாமல் பிளக் மெல்ல உருகுவதுதான் ஆபத்து. வெளியே கம்பத்தில் செருகியிருக்கும் பிளக்கை நாள்தோறும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ, முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ உடனே சுமையைக் குறைத்துவிட்டு, அந்தப் பிளக்கை மாற்றுங்கள். நீட்டிப்பு ஒயரில் ஹீட்டரைப் போடவே போடாதீர்கள்.

நான் சொல்வது இதுதான்: ஒரு ஹீட்டர், அதற்குத் துணையாக ஃபர்னஸ். பகலில் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் பகுதிக்கு ஹீட்டர் போதும். வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும் இரவுகளில் ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஃபர்னஸ் அடிக்கடி ஓடும்படி விடுங்கள்.

அதன்படி உதாரணக் கணக்கைப் போட்டால், மூன்று மாதத்துக்கு ஹீட்டர் மின்சாரம் சுமார் 450 டாலர், மற்ற மின்சாரம் நாளுக்கு 12 யூனிட் என்று வைத்தால் 150, புரொப்பேன் 100 கேலனுக்கு 360. மொத்தம் 960, மாதத்துக்கு 320.

ஆனால் இந்த 320-ஐ மாதாமாதம் சமமாகப் பிரித்துவைக்காதீர்கள். குளிர் அப்படிச் சமமாக வராது. 2022 டிசம்பர் 22 அன்று டென்வரில் வெப்பநிலை மைனஸ் 24 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போனது. அப்படிப்பட்ட ஒரு நாளின் சராசரி மைனஸ் 15 என்றால் அது 80 டிகிரி நாள். உங்கள் வண்டி கேலனுக்கு 12 என்றால் அன்று ஒரே நாளில் ஏழு கேலனுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வேண்டும். ஹீட்டர் தன் பங்கைத் தந்தாலும் ஃபர்னஸுக்கு ஐந்து கேலன். ஒரு 30 பவுண்டு சிலிண்டரில் ஏழு கேலன்தான் பிடிக்கும். ஒன்றரை நாளில் காலி. இரண்டையும் சேர்த்தால் மூன்று நாள்கூட நிற்காது. அப்போது சாலை பனிக்கட்டியாக இருக்கும். நிரப்பும் கடை திறந்திருக்குமா என்பதும் நிச்சயமில்லை. மின்சாரமும் போய்விட்டால் ஃபர்னஸின் விசிறி பாட்டரியில்தான் ஓட வேண்டும். அது ஓடும்போது ஏழு முதல் பத்து ஆம்பியர் வரை தின்னும். பழைய பாட்டரி விடியும்வரை தாங்காது. ஆகவே மூன்றாவதாக ஒரு சிலிண்டர் நிரப்பி வெளியே நிற்க வேண்டும். தனியாக ஓர் 250 டாலர், தொடாத பணமாக. இது என் பட்ஜெட்டில் முதல் வரி, கடைசி வரி அல்ல.

இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவில் தானாக மாறும் ரெகுலேட்டர் இருக்கும். முதல் சிலிண்டர் தீர்ந்ததும் அதன் சிறிய கண்ணாடியில் பச்சை போய்ச் சிவப்பு வரும். உள்ளே வெப்பம் குறையாததால் யாருக்கும் தெரியாது. தினமும் பாருங்கள். சிவப்பைக் கண்ட அன்றே நிரப்பிவிட வேண்டும். எடை பார்க்க நேரமில்லாத நாளில் சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு குவளை வெந்நீர் ஊற்றித் தடவிப் பாருங்கள். திரவம் இருக்கும் உயரம்வரை சில்லென்றும், அதற்கு மேல் வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

நிரப்பும் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: கடை வாசலில் கூண்டில் வைத்து மாற்றிக்கொடுக்கும் சிலிண்டரை வாங்காதீர்கள். 20 பவுண்டு சிலிண்டர் என்று கொடுப்பதில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும். 22 டாலர் கொடுத்தால் கேலன் ஆறு டாலருக்கு மேல் விழுகிறது. எடை போட்டு நிரப்பித் தரும் இடத்துக்கே போங்கள். பார்க்கில் பெரிய தொட்டியை வாடகைக்கு வைத்து வண்டியில் வந்து நிரப்பும் நிறுவனங்களும் உண்டு. விலை குறையலாம். ஆனால் மூன்றே மாதத்துக்கு என்பதால் தொட்டி வாடகையையும், மிச்சமுள்ள வாயுவுக்குப் பணம் திரும்புமா என்பதையும் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

உண்மையான மிச்சம் எரிபொருளை மாற்றுவதில் இல்லை. வண்டிக்கு அடியில் காற்றுப் புகாமல் அடைப்பதில் இருக்கிறது. தரையிலிருந்து வண்டியின் விளிம்புவரை நுரைப்பலகை வெட்டிச் சுற்றிலும் வையுங்கள். இணைப்புகளில் டேப். கழிவுநீர் வால்வுக்குக் கைபோகும் அளவுக்குத் திறக்கும் ஒரு பலகை. ஃபர்னஸின் புகைவாயை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது. பனி பெய்தபின் அதைச் சுரண்டி விடுங்கள். முதல் வார அளவீட்டுக்குப் பின் பலகை வைத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி அளந்து பாருங்கள். கேலனுக்கு 12 என்பது 15 ஆனால் 250 கேலன் 200 ஆகிறது. 180 டாலர் உங்கள் கையில். ஜன்னலுக்கு உட்பக்கம் பிளாஸ்டிக் தாள், கூரைத் துவாரத்துக்கு மெத்தை அடைப்பு, இவை சில டாலர்களிலேயே முடியும்.

ஈரத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு கேலன் புரொப்பேன் எரியும்போது மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. ஃபர்னஸ் அதை வெளியே அனுப்பிவிடும். புகைப்போக்கி இல்லாத சிறு எரிவாயு ஹீட்டரும் அடுப்பும் அப்படியே உள்ளே விடும். காலையில் ஜன்னல் சட்டத்தில் பனிக்கட்டி, ஒரு மாதத்தில் மெத்தையின் அடிப்பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள். அவ்வகை ஹீட்டர் மலிவு என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ காட்டாது; நீங்கள் பகலெல்லாம் தனியாக உள்ளே இருப்பவர்.

பழைய வண்டி என்பதால் ஒன்றை நாளைக்கே பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றி, பின்பக்கத்தில் அச்சிட்ட தேதியைப் படியுங்கள். அதன் ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டுதான். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் வாயுக் கசிவு அலாரம் தரைக்கு அருகில் இருக்கும். அதற்கும் தேதி உண்டு. தேதி கடந்திருந்தால் சோதனைப் பட்டன் ஒலித்தாலும் நம்பாதீர்கள், புதிதாக வாங்கிவிடுங்கள். முதல் வாரக் கணக்கை எனக்கு எழுதுங்கள்: எத்தனை பவுண்டு, எத்தனை டிகிரி நாள். கேலனுக்கு 10-க்குக் கீழே வந்தால் எங்கே காற்று புகுகிறது என்று சேர்ந்தே தேடுவோம். உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா