வரம்பைக் குறைத்தால் எப்படிப் பாதுகாப்பு?

அன்புள்ள ஐயா,

நான் பொறுப்பேற்ற ஒரு லினக்ஸ் சர்வரில், ஐபி துண்டுகளை (இணையம் வழியே துண்டுதுண்டாக வரும் தரவுப் பொட்டலங்களின் பகுதிகளை) சேர்த்துவைக்கும் நினைவக வரம்பு 4 எம்பியிலிருந்து 256 கேபியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. 2018இல் வெளியான, துண்டுகளை அனுப்பியே சர்வரை முடக்க வழிவிடும் ஃபிராக்மென்ட்ஸ்மேக் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்காகச் செய்தது என்று குறிப்பு இருக்கிறது. 64 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் 4 எம்பி ஒரு பொருட்டா? குறைத்தால் இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிரம்பத்தான் செய்யும், நிரம்பட்டும். அந்தக் குறைபாட்டைப் பயன்படுத்தும் தாக்குதல் தின்பது நினைவகத்தை அல்ல, செயலியின் நேரத்தை.

ஒரு பெரிய பாக்கெட் (தரவுப் பொட்டலம்) துண்டுகளாக வரும்போது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அவற்றை வரிசைப்படுத்தி ஒரு பட்டியலில் கோத்து வைக்கிறது. புதிய துண்டு பட்டியலின் கடைசிக்கும் பின்னால் வருவது என்றால் உடனே ஒட்டிவிடும். இல்லையென்றால் தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் அதற்குரிய இடத்தைத் தேட வேண்டும். தாக்குபவர் இறுதித் துண்டை முதலில் அனுப்பிவிட்டு, மற்றவற்றை ஏறுவரிசையில் அனுப்பினால் போதும். ஒவ்வொரு துண்டுக்கும் கர்னல் ஏறக்குறைய முழுப் பட்டியலையும் நடந்து தீர்க்கும். பட்டியலில் 5,000 துண்டுகள் சேர்வதற்குள் சுமார் 1.25 கோடி தேடல் அடிகள். 300 என்றால் வெறும் 45,000. வரம்பை 16இல் ஒரு பங்காக்கினால் வேலை 250இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. உங்கள் 64 ஜிபி இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

இதில் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் வேறு. பாக்கெட்டை வாங்கும் வேலை சாதாரண நிரல்களை முந்திக்கொண்டு ஓடுவது. அது செயலியைப் பிடித்துக்கொண்டால் தரவுத்தளமோ வலைச்சேவையோ முறை கிடைக்காமல் நிற்கும். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டும் இதைச் செய்யலாம் என்பதால், முகவரியைப் பார்த்துத் தடுப்பதும் எளிதல்ல.

2013இல் வந்த லினக்ஸ் கர்னல் 3.9 பதிப்பில்தான் வரம்பு 4 எம்பியாக உயர்ந்தது. வேகமான இணைப்புகளுக்கு 256 கேபி போதவில்லை என்பது நியாயமான காரணம். இடத்தைக் கூட்டியவர்கள் தேடும் முறையையும் அப்போதே மாற்றியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2018இல்தான் பட்டியலுக்குப் பதில் சிவப்பு-கருப்பு மரம் (கிளைகளாகப் பிரித்து வைத்து விரைவாகத் தேடவிடும் அமைப்பு) வந்தது. அதில் 5,000 துண்டுகளுக்கு நடுவே இடம் தேட இருபத்தைந்து ஒப்பீடுகள்கூட ஆகாது.

ஆகவே உங்கள் கர்னலில் அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் 256 கேபியைத் தொடாதீர்கள், புதுப்பிக்க நாள் குறியுங்கள். இருக்கிறதென்றால் வரம்பைத் திரும்ப உயர்த்தலாம். துண்டுகளாக வரும் பெரிய டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சேவை) பதில்களும் விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) போக்குவரத்தும் உங்கள் சர்வரில் அதிகம் என்றால் உயர்த்தியே ஆக வேண்டும். இடமில்லாமல் கைவிடப்படும் துண்டுகளில் அவையும் அடக்கம்.