ஆப்பிள் எப்படி ரோஜாவுக்கு உறவாகும்?

"ஆப்பிள் ரோஜாக் குடும்பம் என்கிறார்களே, சாயலே இல்லையே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாயலைப் பழத்தில் தேடினால் கிடைக்காது, பூவில் தேடுங்கள். ஆப்பிள் பூவுக்கும் காட்டு ரோஜாவுக்கும் ஐந்து இதழ்கள், நடுவே கொத்தாக மகரந்தத் தாள்கள். கடையில் விற்கும் அடுக்கு ரோஜாவை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்தது.

ஓர் ஆப்பிளைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் நட்சத்திரம் போல ஐந்து அறைகள். சூலகத்திலிருந்து உருவான உண்மையான கனி, நாம் தூக்கி எறியும் அந்த நடுப்பகுதிதான்! கடித்துத் தின்னும் சதை பெரும்பாலும் பூவின் அடிக்கிண்ணம் பருத்து உருவானது. காம்புக்கு எதிர்முனையில் கறுத்துச் சுருங்கியிருப்பவை பூவின் புல்லி இதழ்கள்.

பேரிக்காயும் லோகாட் என்னும் சிறிய மஞ்சள் பழமும் இதே அமைப்புதான்; பொதுவாக மூன்றுக்கும் 34 குரோமோசோம்கள். உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் ஆப்பிளைப் பேரிக்காயின் பேரினமான பைரஸிலேயே சேர்த்துவிட்டார். மறு ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிலிப் மில்லர் அதை மாலஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார்.

இன்றைய மரபணு ஆய்வுகளின்படி ஆப்பிள், பாதாம், பீச், பிளம் எல்லாம் ஒரே துணைக்குடும்பம். ரோஜாவோ ஸ்ட்ராபெர்ரியுடன் இன்னொன்றில் இருக்கிறது. அதாவது, ஆப்பிளுக்கு ரோஜாவைவிடப் பாதாம்தான் நெருங்கிய சொந்தம்.

'ரோஸ் ஆப்பிள்' என்று விற்கும் ஜம்புப் பழம் ரோஜாவும் அல்ல, ஆப்பிளும் அல்ல. அது நாவல் பழத்தின் பங்காளி.