‘ஃபேன்சி ஃப்ரீ’ பாலேயில் ‘முதல் ஆட்டக்காரர்கள்’ யார், அவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரு பாலேவின் முதல் மேடையேற்றத்தில் ஆடியவர்களே முதல் ஆட்டக்காரர்கள். 1944 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில், போர்க்காலத்தில் ஒரு நாள் விடுப்பில் கரையிறங்கிய மூன்று கடற்படையினராக ஹரோல்ட் லாங், ஜான் கிரிசா, ஜெரோம் ராபின்ஸ் ஆடினார்கள். பெண்களாக மியூரியல் பென்ட்லி, ஜேனட் ரீட், ஷர்லி எக்கல். இசை லியோனார்ட் பெர்ன்ஸ்டைன்.

அடவுகளை அமைத்த ராபின்ஸ் அவற்றை ஒவ்வொருவர் உடல்வாகுக்கும் ஏற்றபடி அமைத்தார், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. லாங்குக்குக் காற்றில் இருமுறை சுழன்று, கால்களை விரித்தபடியே தரையில் இறங்கும் அடவு. தனக்கு இடுப்பசைவு மிகுந்த டான்சோன் என்ற கியூபா நடனம். பின்னால் ஆட வருகிறவர் திணறுவது இதனால்தான். சூயிங்கம் தாளை யார் தூரமாகச் சுண்டுவது என்று கடற்படையினர் மூவரும் மேடையில் போடும் சின்னப் போட்டியில்கூட தாளம் பிசகக்கூடாது!

அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘ஆன் தி டவுன்’ என்ற பிராட்வே இசை நாடகம் இதன் விரிவாக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். கரு மட்டுமே அங்கிருந்து வந்தது, கதையும் இசையும் புதியவை.