துரித உணவு சாப்பிட்டால் உண்மையிலேயே சதை போடுமா?

வீட்டிலேயே நெய், எண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுத்தான் சமைக்கிறோம், அப்படியிருக்க வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பர்கரோ கோழிப்பொரியலோ சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சதை போடும், கண்டிப்பாகப் போடும். ஆனால் பர்கரை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது. அதை உருளைக்கிழங்கு, குளிர்பானத்தோடு சேர்த்து ‘செட்’டாக விற்கிறார்களே, அதைப் பாருங்கள்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் ஒரு கடைக்கு டியூஷன் முடிந்த பிள்ளைகள் சாயங்காலம் வருவார்கள். தட்டு வந்ததும் முதலில் உறிஞ்சுகுழலைத்தான் குத்துவார்கள். பர்கர் காகிதத்தைப் பிரிப்பதற்குள் பாதிக் கப் காலி. ரொட்டியும் மெத்து, இறைச்சியும் மெத்து, மெல்லவே வேண்டாம், சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகுமே, அதற்குள் பெட்டி காலி. அப்புறம் வீட்டுக்குப் போய் அம்மா போடும் சோற்றையும் சாப்பிடுவார்கள், ஏனென்றால் குடித்த சர்க்கரை பசியை அடக்காது. 330 மில்லி கோலா டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது எட்டுத் தேக்கரண்டிக்கு மேல். பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வேகமாகச் சாப்பிடுவதும் அதிகம் உள்ளே போவதும் நான் ஊகித்துச் சொல்வதில்லை. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஒரே அளவு, வேண்டுமளவு சாப்பிடலாம். பதப்படுத்தியதைச் சாப்பிட்டபோது நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. அந்த உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

நீங்கள் கேட்ட ‘வாரத்துக்கு இரண்டு மூன்று’க்கே நேரடிப் பதில் 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்க இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்ததில், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் துரித உணவு சாப்பிட்டவர்களுக்கு, வாரத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 4.5 கிலோ அதிகமாக ஏறியிருந்தது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் இரண்டு மடங்கு கூடியிருந்தது. இன்சுலின் தடுமாறினால் இனிப்பு நீர் (நீரிழிவு) பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே கல்லீரல் கொழுப்பு, ரத்த அழுத்தம், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சு நிற்பது என்று வரிசையாக வரும்.

நம்மவர்களுக்கு இதில் கவலை இன்னும் அதிகம். இந்திய உடல்வாகில் கொழுப்பு முதலில் வயிற்றுக்குள்தான் சேரும், கைகால் ஒல்லியாகவே இருக்கும், ‘நான் குண்டு இல்லையே’ என்று நிம்மதியாக இருப்போம். அதனால்தான் ஆசியர்களுக்குப் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23லேயே எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தொட்டாலே கவனிக்க வேண்டும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். மாமாக் கடையில் நள்ளிரவு மீ கோரெங்கும் (வறுத்த நூடுல்ஸ்) தே தாரிக்கும் (பால் தேநீர்) சாப்பிடுவதும் இதே கணக்கில்தான் சேரும், அதை ‘நம்ம சாப்பாடு’ என்று விட்டுவிட முடியாது.

சரி, என்ன செய்வது? முழுசாக நிறுத்தச் சொல்லமாட்டேன், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது நடக்காது. செட் வாங்காதீர்கள், பர்கர் மட்டும் தனியாக வாங்குங்கள், குடிக்கத் தண்ணீர். கூடுதலாக இரண்டு வெள்ளிக்குப் (ரிங்கிட்) ‘பெரிசு’ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த இரண்டு வெள்ளியில் வருவது கூடுதல் சர்க்கரையும் எண்ணெயும்தான். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். வீட்டில் 40 தாண்டியவர்கள் இருந்து, குடும்பம் பி40 (வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காடு) பிரிவில் அரசின் எஸ்டிஆர் ரொக்க உதவி பெற்றால், பெக்கா பி40 என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.