பழைய மொறிஸ் மைனரை இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கலாமா?

கேள்வி: அப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. 1985இல் விற்றுவிட்டார். இப்போது இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, அங்கே 1967ஆம் ஆண்டின் நான்கு கதவு மொறிஸ் மைனர் 1000 ஒன்று விலைக்கு வந்திருப்பதாகப் படங்கள் அனுப்பியிருக்கிறான். பெயின்ட் பளபளக்கிறது. எஞ்சின் புதிதாகக் கட்டியதாம். வாங்கித் திருகோணமலைக்குக் கொண்டுவர ஆசை. தம்பிக்குக் கார் பற்றி அவ்வளவாகத் தெரியாது. எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்? (வாசகர், உப்புவெளி)

பதில்: தம்பி காரைப் பார்க்கப் போவதற்கு முன் நீங்கள் கொழும்பில் ஒரு வேலையை முடிக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது உண்மைதான். ஆனால் பாவித்த கார்களுக்கு வயதெல்லை இருக்கிறது. அறுபதை நெருங்கும் கார் அந்த வாசலால் நுழையாது. இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, விசேட அனுமதிப்பத்திரம் தருவார்களா என்பதற்கு எழுத்தில் பதில் பெறுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துறைமுகத்தில் வந்து இறங்கும் வாகனத்தைச் சுங்கம் பறிமுதல் செய்யலாம். “கப்பல் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வரிக் கணக்கையும் அப்போதே ஒரு சுங்க முகவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். காரின் விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த பெறுமதியைத்தான் சுங்கம் பார்க்கும். எஞ்சினின் கொள்ளளவையும் (இந்தக் காருக்கு 1098 சீசீ) பார்க்கும். பெறுமதி சேர் வரி வேறு.

அனுமதி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு காருக்கு வருகிறேன்.

எஞ்சின் புதிதாகக் கட்டியது என்பதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்க மாட்டேன். அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய மெக்கானிக்மார் நம் நாட்டில் இன்னமும் இருக்கிறார்கள். பாகங்களும் கிடைக்கும். 1990களில் மைனருக்கான உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. காரைக் கொல்வது கறள். மைனருக்குத் தனியான செசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. அடித்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பெட்டிகளும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. இங்கிலாந்தில் மாரிக்காலத்தில் வீதிகளில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு இந்த இடங்களில்தான் போய்த் தங்கும். அதே காரைக் கடற்காற்று அடிக்கும் உப்புவெளியில் கொண்டுவந்து நிறுத்தினால் மிச்சத்தை நம் உப்பு பார்த்துக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கராஜுக்கு ஒரு மைனர் வந்தது. மெழுகு பூசியதுபோல மினுங்கியது. கதவின் கீழே திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பெயின்டைச் சுரண்டினால் புட்டி, புட்டிக்குப் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். அதில் இருந்த எழுத்துக்களை வாசிக்கக்கூடியதாக இருந்தது. உரிமையாளர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் பேசவில்லை.

ஆகவே தம்பியைச் சிறிய காந்தம் ஒன்றையும் நல்ல டோர்ச் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, மழை இல்லாத பகல் வேளையில் போகச் சொல்லுங்கள். கதவுகளின் அடிப்பாகம், மட்கார்ட்டின் பின்விளிம்பு, கதவுக்குக் கீழே உள்ள பெட்டி ஆகிய இடங்களில் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஒட்டிப் பார்க்கட்டும். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, புட்டிதான் இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். பின்னால் வில்லுகள் (ஸ்பிரிங்) உடலோடு பூட்டப்படும் இடங்களை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நான் எந்த மைனருக்கும் தவறாமல் செய்யும் சோதனை. விற்பவரின் சம்மதத்தோடு, காரில் ஜாக் வைப்பதற்கென்றே உள்ள இடத்தில் ஜாக்கை வைத்து ஒரு பக்கத்தை மெதுவாக உயர்த்தட்டும். காருக்கு அடியில் தலையையோ கையையோ விடக்கூடாது. சில்லு நிலத்தைவிட்டு எழும்பியதும் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூட வேண்டும். முன்பு போலவே இலகுவாக மூடினால் உடல் பலமாக இருக்கிறது. கதவு இறுகினால், அல்லது இடைவெளி ஓரிடத்தில் ஒடுங்கி இன்னோரிடத்தில் விரிந்தால், காரே வளைகிறது என்று பொருள். அதற்கு மேல் விலை பேச வேண்டியதில்லை.

ஜாக்கில் நிற்கும்போதே முன்சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். முன்சில்லைத் தாங்கும் டிரனியன் என்ற மரையுள்ள பாகத்துக்கு ஒழுங்காகக் கிறீஸ் ஏற்றாவிட்டால் மரை தேயும். தேய்ந்து கழன்றால் ஓட்டத்திலேயே சில்லு மடிந்துவிடும். மாற்றக்கூடிய பாகம்தான் என்பதால் காரைக் கைவிட வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

இனிப் பத்திரங்கள். இங்கிலாந்தில் வருடாந்த எம்ஓடி பரிசோதனையின் முடிவுகளை, காரின் பதிவிலக்கத்தைக் கொடுத்து அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2005 முதலான பதிவுகள் இருக்கும். ஓடிய மைல், எதில் தவறியது, எங்கே கறள் என்று எழுதியிருப்பார்கள். விற்பவரின் வாயைவிட நான் நம்புவது அதைத்தான். 2018 மே மாதத்திலிருந்து 40 வயது கடந்த கார்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயமில்லை என்பதால் பதிவு அத்தோடு நின்றிருக்கலாம். பழையதே போதும், கறள் தானாக ஆறுவதில்லை.

எஞ்சின் மூடியைத் திறந்து தகட்டில் உள்ள செசி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பட்டும். நான்கு கதவுக் கார் என்றால் அது ‘எம்ஏஎஸ்5’ என்று தொடங்க வேண்டும், ‘எம்ஏ2எஸ்5’ என்றால் அது இரண்டு கதவுக் காரின் இலக்கம். அந்த இலக்கமும் வி5சி என்ற பதிவுப் பத்திரத்தில் உள்ளதும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். வி5சியில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் சட்டப்படி உரிமையாளர் ஆகிவிடமாட்டார், விற்பனைப் பற்றுச்சீட்டையும் வாங்க வேண்டும். கார் நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகிறது என்று அங்குள்ள பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்கும் பகுதி அந்தப் பத்திரத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் அனுப்பிவிட்டு மீதியைப் பத்திரப்படுத்துங்கள். இங்கே பதிவு செய்ய அது தேவைப்படும்.

வாங்கினால், ஏற்றுவதற்கு முன் அடித்தகட்டுக்கும் பெட்டிகளுக்குள்ளும் கறள்தடுப்பு மெழுகு அடிப்பித்துவிடுங்கள். மூடிய கொள்கலனில் அனுப்புவதையே நான் விரும்புவேன்.

அனுமதி கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். இந்த நாட்டிலேயே நல்ல மைனர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, மேலே சொன்ன சோதனைகள் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும். அப்பாவின் காருடைய இலக்கம் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா? பழைய படங்களில் இலக்கத்தகடு தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். அந்த இலக்கத்தைக் கொடுத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தினால் வாகனப் பதிவின் சாற்றைப் பெற முடியும்.